பஸ்தியான் பாயில் உதிர்ந்த நூல்

சத்தியம், சத்தியம், மூன்றாவது தடவையும் சத்தியம். எங்கள் நண்டுமுனை மாதா கோயில் கொடிமரத்தை மனசுக்குள் கட்டிப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இன்று முதல் நான் தின்கிற மீனெல்லாம், அது முள்ளே இல்லாத கணவாயாக இருந்தாலும், என் தொண்டையில் குறுக்கே நிற்கட்டும். முன்பு சில விஷயங்கள் சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். திமிங்கிலம் ஒன்று என்னிடம் மணி கேட்டது என்று சொன்னதில் பாதி என் சொந்தச் சரக்கு. இது அப்படியில்லை. சிரிக்காமல் நான் பொய் சொல்லி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை, இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பாருங்கள்.

காய்ச்சல் இரண்டாவது தடவை வந்த வருஷம் அது. என் தம்பி மகள் மதலேனின் புருஷன் பஸ்தியான், பெரியாஸ்பத்திரியில் இருபத்தோரு நாள் மூக்கில் குழாயோடு கிடந்து, நோய் இல்லை என்று எழுதிய ஒரு காகிதத்தோடு ஆம்புலன்சில் வந்து இறங்கினான். இறங்கி நான்கு எட்டு வைத்தான், ஐந்தாவது எட்டுக்கு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டான். எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. காகிதம் இருந்தது, ஆள் இருந்தான், மதலேன் அழுது முடித்து உலை வைத்தாள்.

பஸ்தியான் யாரென்றால், எங்கள் கரைவலைக்குக் குரல் கொடுக்கிறவன். கரைவலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வள்ளம் கடலுக்குள் போய் அரை வட்டமாக வலையை இறக்கிவிட்டு வரும், வலையின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கயிறுகள் கரைக்கு வரும், ஒவ்வொரு கயிற்றையும் இருபது பேர் பிடித்துக்கொண்டு மணலில் பின்னோக்கி நடந்து நடந்து இழுப்பார்கள், இரண்டு கயிறும் ஒரே கதியில் வந்தால்தான் வலையின் நடுப்பை, அதாவது மடியில், மீன் நிற்கும், ஒன்று முந்தினால் அத்தனையும் கோட்டைவிட்ட கதைதான். அதற்குத்தான் ஒருவன் குரல் வேண்டும். இழு என்று கத்த யாராலும் முடியும், எங்கள் ஊர் ஆடு கூடக் கத்தும். ஒவ்வோர் இழுப்பு முடிந்ததும் கடல் ஒரு முழம் திருப்பி வாங்கும், அந்த ஒரு முழத்தைக் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காமல் மல்லுக்கு நின்றால் வலை கிழியும். அந்த இடத்தில் விடு என்று சொல்ல பஸ்தியானைப் போல் ஒருவன் எங்கள் கரையில் பிறக்கவில்லை. நான் கயிற்றின் வால்மாட்டில் உட்கார்ந்து வருகிற கயிற்றைச் சுருட்டுகிறவன், எனக்குத் தெரியாதா.

வந்த ஏழாவது நாள் காலையில் மதலேன் பாயை உதறினாள். பாயிலிருந்து சிவப்பாக நூல் நூலாக உதிர்ந்தது. தன் சேலைக் கரை பிரிந்துவிட்டதாக நினைத்துப் பார்த்தாள், சேலை பச்சை. குனிந்து எடுத்தாள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தையல்காரன் டேப் வைத்து அளந்து பிளேடால் நறுக்கினதுபோல் இரண்டு முனையும் சீராக இருந்தது. உள்ளங்கையில் வைத்தாள். அது துடித்தது.

மதலேன் அலறவில்லை. கடற்கரையில் துடிக்கிற சாமான்களைப் பார்த்தே வளர்ந்தவள். ஈயச் சட்டியில் கடல் தண்ணீர் பிடித்து, நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் போட்டு, பூனை வாய் வைக்காமல் தட்டால் மூடி, அடுப்பங்கரையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வந்தாள். நான் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்று சுவர்க்கடிகாரம்போல் நிதானமாகத் துடித்தது, ஒன்று விக்கல்போல், ஒன்று கோபித்துக்கொண்டு நின்று திடீரென்று மூன்று தடவை துடித்தது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இஷ்டம்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்த கிராம நர்ஸ் முத்தரசியைக் கூட்டிவந்து காட்டினோம். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நெஞ்சின் தசை என்பது கோடானுகோடி சின்னச் சின்ன அறைகள், ஒவ்வோர் அறைக்குள்ளும் நூல் நூலாக ஓடும், அந்த நூல்கள் ஒன்றையொன்று இழுத்துச் சுருங்குவதும் விட்டு விரிவதும்தான் நாம் நெஞ்சு அடிக்கிறது என்று சொல்வது. எங்கோ ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அந்த அறைகளைத் தட்டில் வளர்த்து இந்தக் கிருமியை விட்டுப் பார்த்திருக்கிறார்கள், நூல்களெல்லாம் ஒரே அளவாக நறுக்கப்பட்டுக் கிடந்ததாம், ஏன் அப்படி நறுக்குகிறது என்று அவர்களுக்கும் புரியவில்லையாம், உயிரோடிருக்கிற மனுஷன் உடம்புக்குள் அப்படியேதான் நடக்கிறதா என்றும் அடித்துச் சொல்ல முடியாதாம். பாயில் உதிர்வதைப் பற்றி அவர்கள் எதுவும் எழுதவில்லை என்றும் சொன்னாள். ஆராய்ச்சிக்காரர்கள் பாய் உதறுகிறவர்கள் இல்லை, அதனால் அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஊர் அதை மூன்று நாளில் பழகிக்கொண்டது. காலையில் ஆட்கள் வேலிக்கு வெளியே இடைவெளி விட்டு நின்று, இன்றைக்கு எவ்வளவு விழுந்தது என்று, மழை எவ்வளவு பெய்தது என்று கேட்பதுபோல் கேட்டுவிட்டுப் போனார்கள். மாதா கோயில் சாமியார் வந்து பார்த்தார். புனிதர் எலும்பை வைத்து வணங்குவதுபோல் இதையும் திருப்பண்டம் என்று வணங்கலாமா என்று வலை பின்னுகிற செசிலி அக்கா கேட்டதற்கு, சொந்தக்காரன் உள்ளே உட்கார்ந்து இடியாப்பம் தின்கிறான், உயிரோடு இருக்கிறவனுடையதை வைத்துச் சப்பரம் எடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். காய்ச்சல் வந்து போன மற்ற வீடுகளில் ஆட்கள் வெளியே வந்து பாய் உதறுவதை நிறுத்திக்கொண்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உதறினார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வீடுகளில் சிவப்புப் பாயாக வாங்கி விரித்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

ஒரு வாரத்தில் சட்டியில் அரைப்படி நூல் சேர்ந்துவிட்டது. பஸ்தியான் பேசுவதற்கு இடையில் மூச்சு வாங்கினான், பிறகு மூச்சு வாங்குவதற்கு இடையில் பேசினான். மதலேன் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் கண்டுபிடித்தது: ஆளுக்கொரு கதியில் துடித்துக்கொண்டிருக்கிற இரண்டு நூல்கள் தண்ணீரில் மிதந்து வந்து ஒன்றையொன்று தொட்டால், கொஞ்ச நேரம் தடுமாறும், பிறகு இரண்டும் ஒரே கதிக்கு வந்துவிடும். மூன்றாவது தொட்டால் மூன்றும். ஒரு குச்சியால் எல்லாவற்றையும் மெல்ல ஓரமாக ஒதுக்கினாள், சட்டி முழுக்க ஒரே அடியாக அடித்தது, தண்ணீர் வளையம் வளையமாக விளிம்பில் மோதியது.

பாரிஷ் ஹாலில் கூட்டம் போட்டோம். மாஸ்க் போட்டுக்கொண்டு அறுபது பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். முத்தரசி எழுந்து, நூல்களை அப்படியே ஒன்றையொன்று தொட்டாற்போல் அடுக்கி அவன் நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் கை வைக்க வேண்டாம் என்றாள். எங்கள் ஆட்களுக்கு அது மனசில் ஒட்டவில்லை. வலை பின்னிப் பிழைக்கிற ஊர், அறுந்த கயிற்றைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போன வழக்கம் எங்களுக்குக் கிடையாது. இருந்தும் எல்லோரும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது பின் வரிசையிலிருந்து ஒருவன் குரல் விட்டான். அது நான்தான்.

"தொட்டாப்ல வெச்சா வலையாயிருமா நர்சம்மா? அறுந்தா முடியணும். எங்க ஊர்ல புருஷன் பொண்டாட்டியையே அப்பிடித்தான் முடிஞ்சு வெச்சிருக்கோம்."

ஹால் சிரித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஊர் சிரித்த சிரிப்பு, மாஸ்க்கெல்லாம் உப்பி உப்பி அடங்கியது, மதலேன்கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானமாகிவிட்டது. முத்தரசி உட்கார்ந்துவிட்டாள்.

செசிலி அக்காவும் இருபத்தொன்பது பெண்களுமாக ஐந்து நாள் உட்கார்ந்து நூலோடு நூலை முடிந்தார்கள். இருப்பதிலேயே மெல்லிய ஊசி எடுத்து, கண்ணுக்கு அருகில் பிடித்து, எங்கள் பெண்கள் தூக்கத்திலும் போடுகிற அதே வலைமுடிச்சு. அரிசி நீள நூலில் முடிச்சே பாதியைத் தின்றுவிட்டது, நூறு நூலை முடிந்தால் ஐம்பது நூல் நீளம்தான் வந்தது, பரவாயில்லை, உறுதியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். முடிந்ததை வெள்ளைத் துணியில் ஏந்தி வந்து ஒரு மத்தியானம் பஸ்தியான் நெஞ்சில் விரித்தார்கள். மணலில் தண்ணீர் இறங்குவதுபோல் அது உள்ளே இறங்கியது. பத்து நிமிஷத்தில் அவன் எழுந்து உட்கார்ந்து, நேற்று வைத்த சாளைக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டான்.

பதினைந்தாம் நாள் கரைக்கு வந்தான். நாற்பது பேர் கயிற்றைப் பிடித்தோம். இழு என்றான், அப்படியொரு குரலைக் கல்யாணமான புதிதில்கூட அவனிடம் நான் கேட்டதில்லை, கயிறு பாம்பாகக் கரையேறியது. இழுப்பின் முடிவில் எல்லோரும் அவன் வாயைப் பார்த்தோம். விடு என்று வரவில்லை. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. கடல் தன் ஒரு முழத்தைக் கேட்டது, நாங்கள் அவன் குரலுக்குப் பழகியவர்கள், அவன் சொல்லாமல் எப்படி விடுவோம், பிடித்துக்கொண்டு நின்றோம், கையெல்லாம் உரிந்தது, அப்புறம் டப்பென்று வலையின் ஒரு சிறகு கிழிந்து கயிறு சும்மா வந்தது. பஸ்தியான் அப்படியே நின்றுகொண்டிருந்தான், உதடு கருத்து, முஷ்டி மடங்கி.

முத்தரசி ஓடிவந்து காது வைத்துக் கேட்டாள். நெஞ்சு இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, விரிய மாட்டேன் என்கிறது, விரிந்தால்தானே ரத்தம் உள்ளே வரும் என்றாள். என்னைப் பார்க்கவில்லை. முடிச்சு விரியாது என்பதும் ஈரத்தில் ஊறின முடிச்சை அவிழ்க்க முடியாது என்பதும் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், முடிச்சுப் போட்ட அன்றைக்கு மட்டும்தான் மறந்துபோயிருந்தோம். செசிலி அக்கா அப்புறம் ஒரு மாதம் ஊசியைத் தொடவில்லை.

பெரியாஸ்பத்திரி நெஞ்சு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். காற்றே உப்பாக அடிக்கிற ஊரில் அவன் எதைக் குறைப்பான். கால் வீங்கியது, விரலால் அமுக்கினால் நண்டு வளைபோல் குழி விழுந்து அப்படியே நின்றது. ஒருநாள் இருமி இருமிச் சரிந்தவனை மதலேன் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தாள். அவள் நெஞ்சு அவன் முதுகில் பதிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் இருமல் நின்றது, உதட்டில் ரத்தம் வந்தது. மதலேன் கையை எடுத்தாள், உதடு கருத்தது. மறுபடி அணைத்தாள், சிவந்தது. சட்டியைப் பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முத்தரசி குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இரண்டு நெஞ்சும் ஒரே அடியாக அடிக்கிறது, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை என்றாள். மதலேன் விடவே இல்லை.

அன்றிலிருந்து அவர்கள் முன்னும் பின்னுமாக ஒரே ஆளாக ஆனார்கள். அவன் நடந்தால் அவளும் நடந்தாள், அவன் சாய்ந்தால் அவளும் சாய்ந்தாள். தையல்காரர் இஞ்ஞாசி இரண்டு பேருக்குமாக ஒரே சட்டை தைத்துக் கொடுத்தார், நான்கு கை, முன்னால் பொத்தான். குளிக்கும்போது பெண்கள் சுற்றிச் சேலை பிடித்தார்கள். சோறு முறை வைத்து வந்தது, திங்கள் செசிலி வீடு, செவ்வாய் சாமியார் வீடு, அப்படி. ரேஷன் கடை மெஷினில் மதலேன் விரல் வைத்தால் பஸ்தியான் பெயர் வந்தது, கடைக்காரர் இரண்டு தடவை துடைத்துப் பார்த்துவிட்டு அரிசியைப் போட்டுவிட்டார். பத்து நாளில் ஊர் அவர்களை ஒருமையில் பேசத் தொடங்கியது, அது சாப்பிட்டதா, அது தூங்குகிறதா என்று. அதுவும் தனக்குத் தானே சண்டை போட்டுக்கொள்ளும், குழம்பில் உப்பில்லை என்று முன்னால் ஒரு வாய் சொல்லும், உப்பைக் குறைக்கச் சொன்னது யாருக்காம் என்று பின்னால் ஒரு வாய் சொல்லும்.

ஒரு குறைதான். அவளுக்கு அவன் பிடரி தெரியும், அவனுக்கு அவள் கை தெரியும், முகத்தை முகம் பார்க்க வழியில்லை. கண்ணாடியில் பார்க்கலாமே என்பீர்கள். மதலேன் வீட்டிலிருந்த ஒரே கண்ணாடியை முதல் நாளே எடுத்து ஒளித்துவிட்டாள். ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. தினமும் மத்தியானம் நான் போய் எதிரே உட்கார்வேன். அவள் அவன் தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். அவன் மெல்ல, அவ முகம் எப்படி இருக்கு மாமா என்று கேட்பான். நான் சொல்வேன், தேர்த் திருநாளில் பார்த்த மாதா முகம் மாதிரி இருக்கு மாப்பிள்ளை, கன்னத்தில் சதை போட்டிருக்கு, தூக்கத்தில் சிரிக்கிறாள். அவன் சிரித்துக்கொள்வான். முப்பத்தாறு நாள் முப்பத்தாறு விதமாகச் சொன்னேன். அதுதானே எனக்குத் தெரிந்த தொழில்.

முப்பத்தேழாம் நாள் முத்தரசி என்னை வழியில் நிறுத்தினாள். தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டும் ஒரே கதிக்கு வரும் என்பது சரி, எந்தக் கதிக்கு என்று யாரும் கேட்கவில்லையே என்றாள். இத்தனை நாள் அவன் நெஞ்சு அவளுடையதன் பின்னால் போயிற்று, இப்போது அவள் நெஞ்சு அவனுடையதன் பின்னால் போகிறது, நாளுக்கு நாள் குறைகிறது, சொன்னால் திட்டுகிறாள், கையை விடச் சொல்லி நீங்களாவது சொல்லுங்கள் என்றாள். அவள் விடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும், கண்ணாடியை ஏன் ஒளித்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கும் போய் உட்கார்ந்தேன். மதலேன் தூங்கிவிட்டாள். பஸ்தியான் அவள் கையைத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டான். பிறகு சொன்னான்:

"மாமா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கத விடாதீங்க. அவ மூச்சு என் பிடரியில படுது. எனக்குத் தெரியாமலா இருக்கும்."

நான் சொன்னேன். உதடு கருத்திருக்கிறது, கண்ணுக்குக் கீழே குழி, கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, ஒரு வாரமாக வெறுங்காலோடுதான் நடக்கிறாள் என்று சொன்னேன். என் வாயிலிருந்து அத்தனை உண்மை ஒரே சமயத்தில் வந்ததே இல்லை.

அவன் தலையை ஆட்டினான். பிறகு, சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, நான் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் மார்பிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தான். அவன் நழுவி வெளியே வர வர, அந்த இளஞ்சூட்டுக்குள் நான் முதுகைக் காட்டி நுழைந்து உட்கார்ந்தேன். பெரியப்பன் நான், அவளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தவன், ஆனாலும் கூசியது, கூசினாலும் உட்கார்ந்தேன். அவள் கன்னம் என் தோளில் சாய்ந்தது. கை என் நெஞ்சைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. எழுபத்து நான்கு வருஷமாகப் பீடியும் புளுகுமாக ஓடின நெஞ்சு, முடிச்சு இல்லாத நெஞ்சு, அது அவள் நெஞ்சைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியது.

பஸ்தியான் சுற்றி வந்து அவள் முன்னால் மண்டியிட்டு முகத்தைப் பார்த்தான். அவனிடமிருந்த கொஞ்ச மூச்சை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பார்த்திருக்கக் கூடாது, ஆனாலும் பார்த்தான். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கப் போய், தொட்டால் விழிப்பாளோ என்று கையை இழுத்துக்கொண்டான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். அவள் நெஞ்சுக்கு எட்டாத தூரம் போக வேண்டும் என்று நினைத்திருப்பான் போல, வேலியைத் தாண்டிப் பூவரச மரத்தடியில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தான். ஜன்னல் வழியாக எனக்கு அவன் பாதி முகம் தெரிந்தது. ஒரு காக்கா வந்து பக்கத்தில் நின்றது, அவன் அதை விரட்டக் கையைத் தூக்கினான். இரண்டாவது தடவை அது வந்தபோது தூக்கவில்லை.

நான் அழவில்லை. அழுதால் நெஞ்சு குலுங்கும், குலுங்கினால் அவள் விழித்துவிடுவாள். ஜன்னலைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சை ஒரே சீராக அடிக்கவைத்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அவள் மூச்சு நீளமாகி, கை சூடாகும் வரைக்கும். அப்புறம் நழுவி வெளியே வந்து, தலையணையை அவள் கைக்குள் கொடுத்துவிட்டு, கொல்லை வழியாகப் போய்விட்டேன். ஊர் கூடி அழுதபோது எல்லோரையும்போல் நானும் முன்வாசல் வழியாக வந்து அழுதேன். அப்போது அழுததில் பொய் இல்லை.

மதலேன் இப்போது நன்றாக இருக்கிறாள், செருப்பு நுழைகிறது, கயிற்றில் இருபது பேரில் ஒருத்தியாக நிற்கிறாள். துக்கம் கேட்டு வருகிற எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறாள், என்னிடமே எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்:

"அன்னைக்கு மத்தியானம் தூக்கத்துல எனக்கு நல்லாத் தெரிஞ்சுது பெரியப்பா. அவரு நெஞ்சு என்னைக்கும் இல்லாத மாதிரி திடமா அடிச்சுது. முடிச்செல்லாம் தானா அவுந்துபோச்சு. சொகமாயிட்டேன்னுதான் எந்திரிச்சுக் காத்தாட வெளிய போயிருக்காரு. சொகமான பெறவுதான் அவருக்கு உசுரு போச்சு, தெரியுமா."

தெரியும் மகளே என்கிறேன்.

அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் நண்டுமுனைப் பக்கம் போகிறவர், அவளையும் பார்ப்பீர்கள், அவள் அதைச் சொல்வாள், நீங்களும் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வாருங்கள். இந்தக் கதையை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் வாய் திறக்காதீர்கள். அவளுக்குப் பெரியப்பன்மார் மூன்று பேர். ரொம்ப நெருக்கிக் கேட்டால், அந்த மூன்று பேரில் எவன் என்று மறந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.